“காய்ஞ்சா என்ன, காயாட்டி என்ன?”: உங்கள் ஜாடி மூடி பற்றி ஐந்தாவது புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கஞ்சாப் பூவைப் பதப்படுத்தும், மூடியில் ஈரப்பத மீட்டர் பதித்த நான்கு ஜாடி செட் – 2, 3ஆம் மூடிகளில் காற்றுக் கசிவு – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

இதே விஷயத்துக்காக நான்கு மின்னஞ்சல், ஏழு தொலைபேசி அழைப்பு, சர்வீஸ் சென்டருக்கு இரண்டு நடை ஆகிவிட்டது. ஜாடி உங்களுடையது; அதன் அமைப்பை உங்களுக்கே விளக்கத் தேவையில்லை. நேரே கோளாறுக்கு வருகிறேன். மீட்டர் கெட்டுப்போகவில்லை. மீட்டரைச் சுற்றி மூடியில் பதித்திருக்கிற ரப்பர் வளையம்தான் காற்றை விடுகிறது. இதை இரண்டாவது மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன். நீங்களோ மூன்று முறையும் புது மீட்டரையே அனுப்பினீர்கள்.

ஆதாரம் கேட்டிருந்தீர்கள், இதோ. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஜாடி மூடியையும் ஒரே ஜிப் பையில் வைத்து 12 மணி நேரம் விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். நான்கு மூடிகளும் 74லிருந்து 76க்குள் காட்டின. ஆக, மீட்டர் சரி. அதே உப்பைக் காலி ஜாடிக்குள் வைத்து மூடியபோது 1ம் 4ம் 75 காட்டின. 2ம் 3ம் 66ஐத் தாண்டவே இல்லை. பையில் மூடியின் இரண்டு பக்கமும் ஒரே காற்று. ஜாடியில் ஒரு பக்கம் அறைக்காற்று. அது வளையம் வழியாக உள்ளே வந்து மீட்டரின் கண்ணிலேயே படுகிறது. அறையில் ஈரப்பதம் 50 இருந்தால் மீட்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணைக் காட்டாமல் வேறு என்ன செய்யும்? சோப்புத் தண்ணீரை வளையத்தைச் சுற்றித் தடவி, ஜாடியை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துச் சூடேற்றிப் பாருங்கள். அரை நிமிடத்தில் வளையத்தின் ஒரே இடத்தில் குமிழ் வரிசையாகக் கிளம்பும். வீடியோ இணைத்திருக்கிறேன். முன்பும் இணைத்திருந்தேன்.

இந்த ஒன்பது புள்ளி வித்தியாசம் ஒரு பெரிய விஷயமா என்று உங்கள் ஆள் கேட்டார். வீட்டில் வளர்த்த கஞ்சாப் பூவைப் பதப்படுத்துகிற ஜாடி என்று பெட்டியில் இலைப் படம் போட்டு விற்பது நீங்கள். ஜாடிக்குள் 58லிருந்து 62 வரை இருக்க வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 55க்குக் கீழே போனால் வாசனை பறந்து, பூ பொடிந்துபோகும். உங்கள் மீட்டர் 62 காட்டிய ஜாடிக்குள், உப்பில் சோதித்த வேறொரு சின்ன மீட்டரை வைத்தேன். 71 காட்டியது. பூ வெளியே மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. நடுத்தண்டு மட்டும் ஒடியாமல் வளைந்தது, அதாவது உள்ளே இன்னும் ஈரம். நான்காம் நாள் மூடியைத் திறந்தால் மூக்கில் அமோனியா நெடி. ஒரு பூவைப் பிளந்து பார்த்தேன். தண்டோடு ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சிலந்தி வலை மாதிரி. வெளியே ஒன்றும் தெரியாது, பிளந்தால்தான் தெரியும்.

முதல் வாரம் தினம் இரண்டு முறை மூடியைத் திறந்து 10–15 நிமிடம் காற்றாட விட வேண்டும் என்பது இதைச் செய்கிற எல்லாருக்கும் தெரியும். 65க்கு மேல் காட்டினால் மணிக்கணக்காகத் திறந்து வைக்க வேண்டும். 70ஐத் தொட்டால் பூவை வெளியே எடுத்துப் பரப்பி மறுபடி உலர்த்த வேண்டும். மீட்டர் 62 என்று சத்தியம் செய்தால் யார் எடுத்துப் பரப்புவார்? உங்கள் கையேட்டின் 6ஆம் பக்கம் இன்னும் மோசம்: “ஈரப்பதப் பொட்டலம் போட்டால் மூடியைத் திறக்கவே தேவையில்லை.” அந்தப் பொட்டலம் உலர்ந்த பூவின் ஈரத்தை நிலைநிறுத்தத்தான். ஈரப்பூவைக் காயவைக்க அல்ல. இதை எழுதியவர் ஒரு முறையாவது ஜாடியைத் திறந்து மோந்து பார்த்திருப்பாரா?

இப்போது ஏழாவது அழைப்பில் பேசிய அந்த ஊழியர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்தார். “கஞ்சாதானே சார், காய்ஞ்சா என்ன, காயாட்டி என்ன?” என்றார். வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள நாடு இது. சட்டம் அனுமதித்த எண்ணிக்கைக்குள் வளர்த்த செடி, சட்டப்படி நீங்கள் விற்கும் ஜாடி. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? பிறகு ஜாடியை ஒரு மணி நேரம் வெயிலில் வைக்கச் சொன்னார். வெளிச்சமும் காற்றும் சூடும் கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சியைச் சிதைக்கும். அது மெல்ல மெல்ல சிபிஎன் என்கிற, வீரியம் குறைந்த வேறொரு பொருளாக மாறும். அதனால்தானே இருட்டில், 20 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று உங்கள் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறீர்கள்! கடைசியாக, பூஞ்சை பிடித்ததை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஓவன் அடுப்பில் சூடாக்கச் சொன்னார். பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்காது. சூட்டில் பூஞ்சை செத்தாலும் அது விட்ட நச்சு எல்லாம் போய்விடாது. நுரையீரலோ எதிர்ப்புச் சக்தியோ பலவீனமான ஒருவர் அதைப் புகைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நடையில் “மூடி மட்டும் போதாது, ஜாடியும் வேண்டும்” என்றார்கள். இரண்டாம் நடையில் நான்கு இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடிகளையும் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். “மூடி மட்டும் கொண்டுவந்திருந்தால் போதுமே” என்றார்கள். சொன்னவர் ஒரே ஆள். மீட்டரில் பேட்டரியை மாற்றி, “62 காட்டுது பாருங்க, சரியாயிடுச்சு” என்று கையில் கொடுத்தார். காலி ஜாடி! எது 62?

இந்தப் பருவத்து விளைச்சலில் நல்ல பகுதியே போய்விட்டது. நான்கில் இரண்டு ஜாடி, ஜாடிக்கு ஏறக்குறைய 60 கிராம். ஒரு வருடம் வைத்திருக்கவென்று பொறுக்கி எடுத்த பூ அத்தனையும் அந்த இரண்டில்தான் இருந்தது. 1ம் 4ம் நன்றாகவே இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் எந்த மூடியை நம்புவது என்று தெரியாத செட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எனவே செட்டின் முழு விலையும், இரண்டு முறை அனுப்பிய கூரியர் செலவும் 10 நாளுக்குள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் உப்புச் சோதனைப் படங்கள், வீடியோ, உங்கள் நான்கு பதில்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றம் போவேன். அந்த நிலைக்கு விடமாட்டீர்கள் என்றே நம்புகிறேன். உங்கள் கண்ணாடி தரமானது, சிலிகான் வாய்ப்பட்டையும் குறை சொல்ல முடியாதது. வளையத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் தடிமனாக்கினால் இந்தத் தொல்லை யாருக்கும் வராது என்பது என் கணிப்பு. அதுவரை, இதே செட்டை வாங்கியவர்களிடம் மூடியைச் சோதிக்கச் சொல்லி ஒரு வரி எழுதுவது உங்கள் கடமை.

இன்னொரு மீட்டர் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே ஆறு கிடக்கிறது.

இப்படிக்கு,
2, 3ஆம் மூடிகளின் உரிமையாளர்