கடன் தீர்ந்தும் கைக்கு வராத வீட்டுப் பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கடனை அசலும் வட்டியுமாகக் கட்டி முடித்த பின்னரும் பத்திரத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்த ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தின் மீது, சித்தோடு பகுதியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் என் மைத்துனர் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை ஆணையம் முடிவு செய்யட்டும். அதன் பொருட்டு நாங்கள் தெரிந்துகொண்ட விதியைக் கொங்கு வட்டாரத்தில் வீட்டுக்கடன் வாங்கிய ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடன் முழுவதும் அடைபட்ட 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் திருப்பித் தருவதோடு, பதிவேடுகளில் ஏற்றிய அடமானப் பொறுப்பையும் கடன் கொடுத்தவர்கள் நீக்கிவிட வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதம் ஏற்பட்டால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கடன்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும். பத்திரம் தொலைந்துபோனாலோ சேதமடைந்தாலோ சான்றிட்ட நகல் பெற உதவி, அந்தச் செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த விதி, வங்கிகளைப் போலவே வீட்டுக்கடன் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும்.

இதில் ஒரு வரியைக்கூடக் கிளையில் யாரும் சொல்லவில்லை. “பத்திரம் சென்னையில இருக்குதுங்க, வந்ததும் கூப்புடறமுங்க” என்பதே கேட்கும்போதெல்லாம் கிடைத்த பதில். தாமதத்துக்கான காரணத்தைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்லியிருந்தும், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது எவரும் எழுதித் தரவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது காகிதத் தாமதமாகத் தோன்றலாம். பழைய தறிகளை மாற்றக் கடன் கேட்டுப் போன இடத்தில், தாய்ப்பத்திரமும் கிரயப் பத்திரமும் அசலாக இல்லாததால் விண்ணப்பத்தையே வாங்க மறுத்துவிட்டார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலோ, அடைத்து முடித்த கடன், அது தீர்ந்ததற்கான ரசீது பதிவாகாமல் அப்படியே நிற்கிறது. சொந்த வீடு இருந்தும் வாரவட்டிக்கு வாங்கித்தான் அவர் தறியை ஓட்டினார். எனக்கு ஆறாத வேதனை இதுதான்.

எந்த வழக்கானாலும் வெளியூரில்தான் தொடுக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்க வழி செய்திருக்கிறது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஆவணம் திரும்பக் கிடைக்கும் காலமும் இடமும் புதிய கடன்களின் அனுமதிக் கடிதத்தில் குறிப்பிடப்பட வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே கடன் வாங்கி, இப்போது கட்டி முடிப்பவர்களின் கடிதத்தில் இவை இருக்க வாய்ப்பில்லை. எனவே, கடன் முடிந்ததும் தரப்படும் நிலுவையின்மைச் சான்றிலேயே, பத்திரம் தர வேண்டிய கடைசி நாளையும் தாமதமானால் சேர வேண்டிய இழப்பீட்டையும் தமிழில் அச்சிட்டுத் தரவும், அந்த இழப்பீட்டைக் கடன்தாரர் கேட்காமலேயே அவரது கணக்கில் வரவு வைக்கவும் ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பெருந்துறை