எங்கள் லாட்ஜில் மட்டும் சளி எடுக்காதீர்கள்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் பதினாலு ரூம் லாட்ஜ் நடத்துகிறேன். தங்குபவர்களில் பாதிக்கு மேல் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளிகள், ஜார்க்கண்டுக்காரர்கள், வங்கதேசத்தவர். 2020 ஊரடங்கில் ஊர் திரும்ப வழியில்லாமல் எங்களோடு மாட்டிக்கொண்டவர்கள், மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் கிளம்பினார்கள். அதுவரை தெருவில் எங்களுக்குப் பேர் ‘கொரோனா லாட்ஜ்’. தண்ணி கேன் பையன்கூட வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினான்.

அடுத்த தொற்று வந்தால் மரபணுவைப் படித்து வந்த வழியைத் தேடுவீர்கள். தேடுங்கள். சளி மாதிரியை எங்கள் லாட்ஜோடு நிறுத்தாமல் பரவலாக எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 30,000 எழுத்து கொண்ட ஒரு நீள வரி மாதிரி. பரவப் பரவ மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்து மாறும். அதை வைத்து எந்த வைரஸ் எதற்குப் பங்காளி என்று சொல்லலாம். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அதில் பெரும்பாலும் தெரியாது. எழுத்து மாறுவதற்குள் நோய் ரெண்டு மூன்று பேரைத் தாண்டிவிடும். லாட்ஜில் மட்டும் சளி எடுத்தால், நீங்கள் வரையும் வைரஸ் வம்சப் படத்தின் வேர் லாட்ஜில்தான் முளைக்கும். சித்தூர் பஸ்ஸில் எடுக்காவிட்டால் சித்தூர் அந்தப் படத்திலேயே வராது.

மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் 1,610 வைரஸ் மாதிரிகளின் மரபணுவை வைத்து ஆராய்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் பெரிய ஊர்களுக்கு இடையில்தான் வைரஸ் அதிகம் தாவியிருந்தது. அப்படிப் பார்த்தால் முதல் சந்தேகம் சித்தூர்மேலும் ஆம்பூர்மேலும்தான் வர வேண்டும். ஆனால் காட்பாடி ஜங்ஷன் இருக்கிறதே! எங்கள் சந்துக்குப் போளூரைவிட ஹவுராதான் பக்கம். அதனால் ஆள் நடமாட்டக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஆம்பூர் 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் கணக்கை அங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆள் நடமாட்டத்துக்குச் செல்போன் டவர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இங்கே வரும் குடும்பத்தில் நாலு பேருக்கு ஒரு போன். எங்கள் ரிஜிஸ்தர் அதைவிடச் சுத்தம்; வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் அனுப்புகிறவர்கள் நாங்கள். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் என்று வாராவாரம் எண்ணித் தருகிறேன். பேரும் நம்பரும் கேட்காதீர்கள். கேட்டால் காய்ச்சலை மறைப்பார்கள்.

சாக்கடைத் தண்ணீரில் வைரஸ் தேடுவதானால் எங்கள் வாசலிலும் எடுங்கள். அதே நாள் பஸ் ஸ்டாண்டிலும் எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாட்ஜ்காரர்