கேப்டன்கள் எங்கிருந்து வருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இண்டிகோ கூடுதலாக விமானிகளைச் சேர்க்கப்போவது பற்றிய கட்டுரையில் மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தது. அதில் கேப்டன் எத்தனை பேர், துணை விமானி எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு ஏ320 ரக விமானம் நாளுக்கு 13 மணி நேரம் பறந்தால் ஆண்டுக்குச் சுமார் 4,700 மணி நேரம். ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. விடுப்பு, மருத்துவப் பரிசோதனை, சிமுலேட்டர் (விமானம்போல இயங்கும் பயிற்சிக் கருவி), ஸ்டாண்ட்பை (அழைத்தால் வரத் தயாராகக் காத்திருப்பது) எல்லாம் போக 800 தேறினாலே பெரிது. ஆக, ஒரு விமானத்துக்கு ஆறு கேப்டன், ஆறு துணை விமானி.

துணை விமானிக்குப் பஞ்சமில்லை. 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. ஆனால் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயணிகள் விமானத்திலேயே பயிற்சி கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறப்பது என மாதங்கள் ஓடிவிடும். அந்தப் பயிற்சி கேப்டனையும் ஏற்கெனவே ஆள் போதாத பணிப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். மொத்தமாக ஆள் எடுக்கும் நிறுவனம் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

கேப்டனுக்கு, வணிக விமானி உரிமத்துக்கு அடுத்த படியான ஏடிபிஎல் உரிமம் வேண்டும்; அதற்கே குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். போட்டி நிறுவனத்திலிருந்து இழுக்கலாமே என்பார்கள். ஆனால் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம்.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானபோது சறுக்கியதும் இந்தக் கணக்குதான். விமானிகளின் வார ஓய்வு அந்த ஆண்டு ஜூலையில் 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. நவம்பர் 1 முதல் இரவுத் தரையிறக்க வரம்பு ஆறிலிருந்து இரண்டானது. இந்த விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியானவை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம், துணை விமானிகளில் ஒரு பகுதியைக் கேப்டனாக்கப் போதுமானது.

கேபின் பணியாளர் விஷயம் இவ்வளவு சிக்கலில்லை. 50 இருக்கைக்கு ஒருவர்; 186 இருக்கை ஏ320க்கு நால்வர். 2023இல் 4,200 பேரை எடுப்பதாக ஏர் இந்தியா அறிவித்தபோது சொன்ன பயிற்சிக் காலம் 15 வாரம்.

அடுத்த கட்டுரைக்கு முன், பயிற்சி கேப்டன்கள் எத்தனை பேர், சிமுலேட்டர் எத்தனை என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மீனம்பாக்கம், சென்னை