வாடகை வீட்டுக்கும் வெள்ளக் காப்பீடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு பெருக்கெடுத்ததைக் கண்ட தாராவி, சயான் தமிழர்களிலும் வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது. அது சொந்த வீட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்ற எண்ணமே காரணம் போலும். உண்மையில், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும் என்பதோடு, வாடகைக்குக் குடியிருப்பவர் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் முதலிய வீட்டுச் சாமான்களுக்கு மட்டும்கூட அதை எடுத்துக்கொள்ளலாம். இழப்பீடு கேட்க, சேறு படிந்த சாமான்களைக் கழுவும் முன் புகைப்படம் எடுத்து வைப்பதும் அவசியம். கடல் ஏற்றமும் கனமழையும் சேரும் நாளில் எந்தெந்தச் சந்துகளில் நீர் தேங்கும் என்பதை மாநகராட்சி வார்டு அலுவலகங்கள் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சயான், மும்பை