அந்த நாலு பேர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணையவழி மனநல ஆலோசனை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பண்பாட்டை ஒட்டிய ஆலோசனை மாணவர்களின் சிந்திக்கும் திறனையும் வளர்க்கும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பண்பாட்டை ஒட்டியது என்றால் என்ன என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. முகப்பில் ஒரு பழமொழியைப் போட்டு, ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

என் தங்கை மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வேறு துறைக்கு மாற ஆசை, வீட்டில் சொல்லப் பயம். முதலில் கிடைத்த ஆலோசகர், "இது உன் வாழ்க்கை, முடிவும் உன்னுடையது" என்று எழுதினாராம். அதோடு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு யோசி என்றால் அவள் எப்படி யோசிப்பாள்?

மறுபடி போனபோது கிடைத்த ஆலோசகர் வேறு மாதிரி. "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று இவள் எழுதியதற்கு, "சரி, அந்த நாலு பேர் யார்? பெயர் எழுதும்மா" என்று பதில் வந்திருக்கிறது. அரை மணி நேரம் யோசித்து இரண்டு பெயர்தான் எழுதினாள். ஒன்று அப்பா. இன்னொன்று, மூன்று வருடமாக அவர்கள் வீட்டுப் படியே மிதிக்காத பெரியம்மா! என்னிடம் காட்டும்போது அவளுக்கே சிரிப்பு. அடுத்த கேள்வி: "அப்பா அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா, இல்லை நீயாக நினைக்கிறாயா?"

மனதில் தானாக ஓடும் எண்ணத்தை அப்படியே நம்பாமல், அதற்கு ஆதாரம் உண்டா என்று ஆலோசனைக்கு வந்தவரோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கும் இந்த முறையை 1960களில் வளர்த்தெடுத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். முறை அவருடையது, "நாலு பேர்" நம்முடையது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பெண் யோசிக்கத் தொடங்கினாள். பாடக் கட்டுரையில் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கப் பழகியவள்தான். தன் பயத்திடம் அதே கேள்வியைக் கேட்கலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். எழுத்தில் நடக்கும் ஆலோசனைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மாதம் கழித்து மேலே தள்ளிப் பார்த்தால், தான் எழுதியது அப்படியே இருக்கும்.

பண்பாடு என்ற பெயரில், "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், அனுசரிச்சுப் போ" என்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆலோசனை அல்ல, வாயடைப்பு. "பதறாத காரியம் சிதறாது" என்ற அதே வாய்தான் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் சொல்கிறது. இரண்டையும் மாணவர் முன் வைத்து, உன் விஷயத்துக்கு எது பொருந்தும், ஏன் என்று கேட்கலாமே. (உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவரிடம் இந்தக் கேள்விபதில் உதவாது. உடனே ஆள் போக வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும்.)

இன்னொரு குறை. எங்கள் பெண் எழுதியதெல்லாம் இரவு பதினொன்றுக்கு மேல், வீடு தூங்கிய பிறகு. பதில் வந்தது மறுநாள் காலை பத்து மணிக்கு, அவள் வகுப்பில் இருக்கும்போது. ஆலோசகர்களின் பணி நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் தங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர்