பரிசை மாற்றினார்கள், பரீட்சையை மாற்றவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் தொழிலதிபர் ஆலன் சுகர் போட்டியாளர்களை அணிகளாகப் பிரித்து, வாராவாரம் வணிகப் பணிகள் தந்து, ஒவ்வொருவராக வெளியேற்றி, கடைசியில் ஒருவருக்குப் பரிசு தரும் நிகழ்ச்சி 'தி அப்ரென்டிஸ்'. பிபிசி தொலைக்காட்சியில் 2005 முதல் ஒளிபரப்பாகிவரும் அதைப் பற்றித் தங்கள் இதழில் வாசகர்கள் நடத்திவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். தகுதியில்லாதவர்களுக்கே பரிசு போகிறது என்று ஒரு சாராரும், ஆலன் சுகரின் பணம், யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம் என்று மறுசாராரும் எழுதுகிறார்கள். இரு தரப்பின் கோபமும் மனிதர்கள் மீதே பாய்கிறது. கோளாறு நிகழ்ச்சியின் அமைப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடக்க ஆண்டுகளில் பரிசு என்பது ஒரு வேலை. ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு சம்பளம். முதல் வெற்றியாளரான டிம் கேம்ப்பெல் அப்படித்தான் சுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தில் சேர்ந்தார். பேரம் பேசுவது, விற்பது, விளம்பரம் தயாரிப்பது, சண்டைக்கோழிகளான சக போட்டியாளர்களை வைத்து வேலை வாங்குவது என்று வாராவாரம் தரப்பட்ட பணிகளும், ஓர் ஊழியரிடம் முதலாளி எதிர்பார்க்கும் திறமைகளையே சோதித்தன. 2011-இல் வேலை போய், போட்டியாளரின் சொந்தத் தொழிலில் 2,50,000 பவுண்டு முதலீடு, அதற்கு ஈடாகச் சுகருக்குப் பாதிப் பங்கு என்றானது. பணிகள் மட்டும் பழையபடியே தொடர்ந்தன.

விளைவு அந்த ஆண்டே தெரிந்துவிட்டது. ஹெலன் மிலிகன் 11 பணிகளில் 10-இல் வென்ற அணியில் இருந்தவர். டாம் பெலெரோ பெரும்பாலான வாரங்களில் தோற்ற அணியில் இருந்தவர். ஆனால் முதலீடு டாமுக்கே கிடைத்தது. நகத்தைத் தேய்த்துச் சீராக்கும் வளைந்த நெயில் ஃபைல் ஒன்றை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்த கண்டுபிடிப்பாளர் அவர். பங்குதாரரைத் தேடுபவர் என்ற முறையில் சுகர் செய்தது சரிதான். வாரக்கணக்கில் மதிப்பெண் கூட்டிவந்த ரசிகர் ஏமாந்ததும் நியாயம்தான். அதே ஆண்டு இறுதி நால்வரில் ஒருவராக வந்தும் பரிசு பெறாத சூசன் மாவின் அழகுப்பொருள் தொழிலில் சுகர் பின்னர் முதலீடு செய்ததை, இந்த விவாதத்தில் யாரும் நினைவுகூராதது எனக்கு வியப்பே. 2024-இல் ஃபில் டர்னர் பெரும்பாலான பணிகளில் தோற்றும் இறுதிச்சுற்றுக்கு வந்தபோது, இதே சச்சரவு மீண்டும் கிளம்பியது.

வாரப் பணியின் கணக்கையே சற்று உற்றுப் பாருங்கள். பொருளுக்குச் செலவு இவ்வளவு, விற்பனை இவ்வளவு, எனவே லாபம் இவ்வளவு என்று சுகரின் இருபுறமும் அமர்ந்திருக்கும் ஆலோசகர்கள் வாசிக்கிறார்கள். நாள் முழுவதும் உழைத்த போட்டியாளர்களுக்கான கூலி அதில் இல்லை. வாங்கியவர் அடுத்த மாதமும் வாங்குவாரா என்ற கேள்விக்கும் இடமில்லை. ஒருநாள் சந்தையில் கடைசி அரைமணி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் சாமர்த்தியம் அங்கே வெற்றி. சொந்தத் தொழிலில் அதையே தினமும் செய்தால் கடையை மூட வேண்டியதுதான்.

உண்மையான தேர்வான தொழில் திட்டமோ, ஏறக்குறைய கடைசியில், நேர்காணல் சுற்றில்தான் அலசப்படுகிறது. சுகருக்காக நேர்காணல் நடத்தும் கிளாட் லிட்னர் போன்றவர்கள் தாளைப் புரட்டி ஒரே கேள்வியில் திட்டத்தைச் சாய்த்துவிடும் காட்சி சுவையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குத் தாங்காத திட்டத்தை வைத்திருந்தவர், அத்தனை வாரங்கள் எதற்காக ஓடினார்? திட்டங்களை முதல் வாரமே பார்வையாளர் முன் வைக்க வேண்டும்; பணிகளில் சிலவாவது அந்தத் திட்டங்களையொட்டி அமைய வேண்டும்.

அப்படிச் செய்தால் யார் வெல்வார் என்பது முதல் வாரமே தெரிந்துவிடும், பிறகு யார் பார்ப்பார்கள் என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நல்ல திட்டத்தோடு வந்தவர் வாராவாரம் தடுமாறுவதையும், சுமாரான திட்டக்காரர் பணிகளில் வெளுத்து வாங்குவதையும் தெரிந்தே பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். டாமின் நெயில் ஃபைலும் ஹெலனின் திட்டமும் முதல் வாரமே அருகருகே வைக்கப்பட்டிருந்தால், 2011-இன் முடிவைக் குறித்து ரசிகர்கள் இன்னும் சண்டையிடலாம். ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்