சரக்கு எப்போது சேரும், யார் ஓட்டிச் செல்கிறார்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

மாம்பழப் பருவத்துக்கான வண்டிகளை மண்டிக்காரர்களும் மாங்கூழ் ஆலையினரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கூடவே, ஒவ்வோர் ஆண்டும் எங்கள் அலுவலகத்தில் எழும் இரண்டு கேள்விகளும் வந்துவிட்டன. மற்ற லாரிகள் விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லும்போது நீங்கள் மட்டும் ஏன் மறுநாள் என்கிறீர்கள் என்பது ஒன்று. வண்டியில் இடம் இருக்கும்போது, அதற்கும் சேர்த்து வாடகை தருவதாகச் சொன்னாலும், ஏன் கூடுதல் மூட்டைகளை ஏற்ற மறுக்கிறீர்கள் என்பது மற்றொன்று. நேரில் கேட்டவர்களுக்கு அவசரத்தில் அரைகுறையாகத்தான் விடை சொல்ல முடிந்தது என்பதால், எங்கள் ஓட்டுநர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், எந்த ஒழுங்கில் வண்டியை அனுப்புகிறோம், அதில் சரக்கு அனுப்புகிறவரின் பங்கு எவ்வளவு என்பதை இம்மடலில் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் உரிமம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி, சரக்கு வாகனம் ஓட்டுகிறவருக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆன பிறகே அவருக்குப் பழகுநர் உரிமம் தருவார்கள். மருத்துவச் சான்றும் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அபாயகரமான பொருள்களை ஏற்றுவதற்கான உரிமம் மூன்று ஆண்டுகளுக்குத்தான். தகுதியற்றவரிடம் வண்டியைக் கொடுத்தால் ஓட்டியவர் மட்டுமல்லாமல் உரிமையாளரும் அதே சட்டத்தின்கீழ்த் தண்டனைக்கு உரியவராகிறார். விபத்து நேர்ந்து ஓட்டுநரிடம் உரிய உரிமம் இல்லை என்று தெரியவந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமே திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆகவே உரிம அட்டையின் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. அரசின் பரிவாகன் தளத்தில் உரிம எண்ணை இட்டு, எந்த வகை வாகனத்துக்கு, எந்த நாள் வரை செல்லும் என்று பார்த்த பிறகே ஓட்டுநரைச் சேர்க்கிறோம். உங்கள் ஆலை வாயிலில் ஓட்டுநரின் உரிமத்தைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கும் உரிமை உண்டு. எங்கள் ஓட்டுநர்கள் அதைக் குறையாக எண்ண மாட்டார்கள்.

சிறிய வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை இலகு ரக உரிமம் உள்ளவரே ஓட்டலாம், தனி அனுமதி வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் சின்ன வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு இது பெரிய நிம்மதி. நாங்களும் அதை வரவேற்கிறோம். ஆனாலும் கார் ஓட்டிப் பழகிய ஒருவரை, அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி, லோடு ஏற்றிய வண்டியில் மறுநாளே அனுப்புவதில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சத் தகுதி. சுமையோடு வளைவில் திரும்பும்போது வண்டி எப்படிச் சாய்கிறது, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் சென்று நிற்கிறது என்பவற்றை உடலால் அறிந்துகொள்ளக் காலம் வேண்டும்.

முன்பெல்லாம் அந்தக் காலம் தானாகவே கிடைத்தது. கிளீனராகச் சேர்ந்தவர் டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, மூத்த ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்து சாலையைப் பார்த்துப் பார்த்தே ஓட்டுநரானார். இன்று பெரும்பாலான லாரிகளில் கிளீனர் இல்லை; அந்தப் படிப்பு அறுந்துபோய்விட்டது. அதனால் எங்களிடம் புதிதாகச் சேர்கிறவர், ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தாலும், சில மாதங்களுக்கு மூத்தவர் ஒருவரோடுதான் செல்ல வேண்டும். அந்த மூத்தவர் சம்மதம் சொல்லாமல் அவரைத் தனியாக மலை இறக்கத்துக்கு அனுப்புவதில்லை. ஆண்டுக்கொரு முறை எல்லா ஓட்டுநர்களுக்கும் கண் பரிசோதனை நடக்கிறது. இவற்றின் செலவு வாடகையில் ஓரளவு சேரத்தான் செய்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

மலை இறக்கம் என்றால் நம் மாவட்டத்தாருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொப்பூர் கணவாய். தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரியைத் தாண்டிச் சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சாலையில், 2020 டிசம்பர் 12 அன்றும் 2024 ஜனவரி 24 அன்றும் கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னால் இருந்த வாகனங்களில் மோதி, ஒவ்வொரு விபத்திலும் நான்கு பேர் உயிரிழந்தார்கள். இடையிலும் பின்னரும் நடந்தவை பல. வடக்கேயிருந்து தொலைதூரம் ஓட்டிவந்து, இந்த இறக்கத்தைப் பற்றி முன்பின் அறியாமல், களைத்த நிலையில் அங்கே வந்து சேர்கிற ஓட்டுநர்களும் உண்டு. பழகியவர்களோ பழகிய காரணத்தாலேயே அசட்டையாக இருப்பதும் உண்டு.

அங்கே நடப்பது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். இறக்கம் தொடங்கியதும் டீசல் மிச்சமாகும் என்று எண்ணிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுகிறார்கள். சிலர் இன்ஜினையே நிறுத்திவிடுகிறார்கள். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரை ஓட்டுவது இன்ஜின். இன்ஜின் நின்றபின் பிரேக்கை மிதிக்க மிதிக்கத் தொட்டியிலிருக்கும் காற்று குறைந்துகொண்டே போகும். பவர் ஸ்டியரிங்கும் உதவாது. வளைவில் சக்கரத்தைத் திருப்ப முழு உடல் பலமும் தேவைப்படும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் நியூட்ரலில் இறங்கும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பாரம் முழுவதும் பிரேக் மேல்தான் விழுகிறது. தொடர்ந்து மிதித்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிகிறது, அதை அழுத்திப் பிடிக்கும் லைனரின் பிடிப்பு குறைகிறது, கடைசி வளைவுக்கு வரும்போது பெடல் இறங்குகிறதே தவிர வண்டி நிற்பதில்லை. எந்தக் கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்து வைக்க, பிரேக்கை இடையிடையே மட்டும் தொட வேண்டும்.

இதில் வருந்தத்தக்க செய்தி, அந்த டீசல் மிச்சமாவதே இல்லை என்பது. இன்றைய மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட இன்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் டீசல் செல்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் ஐட்லிங்குக்கான டீசல் செலவாகும். அப்படியிருந்தும் இப்பழக்கம் போகாததற்கு ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று என்பது எங்கள் உறுதியான கருத்து. டிரிப்புக்கு இவ்வளவு டீசல், மிச்சம் பிடித்தால் அது உனக்கு என்று பேசி அனுப்பும் முதலாளி, அந்த நியூட்ரலுக்குத் தாமே கூலி கொடுக்கிறார். எங்களிடம் மாதச் சம்பளமும் நாள் பேட்டாவும்தான்; டீசல் மிச்சத்துக்கும் சீக்கிரம் சேர்த்ததற்கும் தனித்தொகை கிடையாது. சரக்கை விரைவாகக் கொண்டுவந்ததற்காக நீங்கள் அன்போடு ஓட்டுநர் கையில் கொடுக்கும் பணத்தையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு கொடுங்கள், டீ கொடுங்கள். வேகத்துக்குப் பரிசு மட்டும் வேண்டாம்.

எடை விஷயம் இதோடு நேராக இணைந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அனுமதிக்கப்பட்ட எடையை உயர்த்தியது. இரண்டு அச்சு கொண்ட ஆறு சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 16.2 டன்னாக இருந்தது 18.5 டன்னாகவும், மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரிக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன்னாகவும் ஆனது. அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகுதியை அங்கேயே இறக்கும் செலவும் சேரும். அபராதத்தை நாங்கள் கட்டிவிடுகிறோம் என்று சிலர் பெருந்தன்மையோடு சொல்கிறார்கள். பணம் கட்டினால் சோதனைச் சாவடியைத் தாண்டலாம். தொப்பூர் வளைவில் அந்த ரசீதால் பயன் எதுவும் இல்லை. வண்டியின் பிரேக்கும் டயரும் ஒரு குறிப்பிட்ட எடைக்காகச் செய்யப்பட்டவை. இடம் இருக்கிறதே என்பது எடைக்கு அளவாகாது. கிரானைட் கல்லை ஏற்றும்போது பாடியில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். கல்லானால் சங்கிலியும் கட்டையும் கொடுத்து அசையாமல் கட்டியிருக்க வேண்டும். மாங்கூழ் டிரம்களானால் இடைவெளி விடாமல் அடுக்கியிருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் ஏற்றினாலும், கட்டு சரியில்லை என்று எங்கள் ஓட்டுநர் சொன்னால் அவர் சொல்வதே முடிவு. வண்டி புறப்படும் முன் எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குவதும் அவர் பொறுப்பு.

இனி, எல்லாவற்றையும்விட நாங்கள் உங்களிடம் புரிந்துகொள்ள வேண்டுவது நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். லோடு வண்டி, சுங்கச்சாவடிகளையும் ஊர்களையும் கடந்து, மணிக்குச் சராசரியாக 40 அல்லது 45 கிலோமீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், ஓட்டும் நேரம் மட்டுமே பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961இல் இயற்றப்பட்ட சட்டம் வகுத்த அளவோ நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதிலும் ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது அச்சட்டம். மாலையில் புறப்பட்டு விடியலில் சேர வேண்டும் என்றால், ஒற்றை ஓட்டுநரைக் கொண்டு அதை ஓய்வும் வேகக் கட்டுப்பாடும் மீறாமல் செய்யவே முடியாது. முடியும் என்று ஒருவர் சொன்னால், எதை விட்டுக்கொடுத்து முடிகிறது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே அவ்வளவு தூரத்துக்கு இரண்டு ஓட்டுநர்களை அனுப்புகிறோம், அல்லது மறுநாள் சேரும் என்று சொல்கிறோம்.

ஓட்டும் நேரத்தை மட்டும் எண்ணுவதும் போதாது. காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, வரிசையில் நிறுத்தி, மாலை ஆறு மணிக்கு லோடு ஏற்றி முடித்து, உடனே கிளம்பு என்று சொன்னால், அந்த மனிதர் பகல் முழுவதும் தூங்கவில்லை. வண்டியை ஓரடி ஓரடியாக நகர்த்திக்கொண்டும் மூட்டையை எண்ணிக்கொண்டும் இருந்தவர், உடல் தானாகவே உறக்கத்துக்குச் சாயும் பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நெடுஞ்சாலையில் இருப்பார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இரண்டு நொடி கண் செருகினால் போதும். இதைத் தடுப்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஏற்றத் தொடங்குவீர்களோ அந்த மணிக்கே வண்டியைக் கேளுங்கள். காத்திருக்க நேர்ந்தால் நிழலில் படுக்க ஓர் இடமும், குளிக்கத் தண்ணீரும், கழிப்பறையும் கொடுங்கள். சில ஆலைகளில் ஓட்டுநரை வாயிலுக்கு உள்ளே கழிப்பறைக்குக்கூட விடுவதில்லை என்பதை மன வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம். ஏற்றி முடிய மாலையாகிவிட்டால், ஓட்டுநர் தூங்கிய பிறகே வண்டி புறப்படும்.

வண்டி எங்கே வருகிறது என்று அறிய ஓட்டுநரின் கைப்பேசிக்கு அழைக்க வேண்டாம். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பது ஆபத்தான ஓட்டுதலாகச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அழைப்பது சரக்கின் உரிமையாளர் என்றால் எடுக்காமல் இருக்க அவருக்கு மனம் வராது. எங்கள் வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. அலுவலகத்துக்கு அழைத்தால் வண்டி நிற்கும் இடத்தை நாங்களே பார்த்துச் சொல்வோம்.

வண்டி பழுதாகி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறோம். இருட்டில் விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் லாரியின் பின்புறத்தில் கார்களும் இருசக்கர வாகனங்களும் மோதி இறந்தவர்கள் நம் நெடுஞ்சாலையில் எத்தனையோ பேர். மரக்கிளையை ஒடித்து வைப்பதும், கல்லை அடுக்கிவிட்டுக் கிளம்பும்போது அதை அப்படியே விட்டுச் செல்வதும் எங்கள் ஓட்டுநர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. நான்கு பக்க விளக்குகளை எரியவிட்டு, ஒளியைப் பிரதிபலிக்கும் முக்கோணத்தைப் போதிய தூரத்தில் வைத்து, 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். விபத்தே நேர்ந்துவிட்டால் ஓடக் கூடாது. 108க்கு அழைத்து, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, காவல் நிலையத்தில் தெரிவிப்பது சட்டப்படியே ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வரும் என்ற அச்சம் உண்மையானது. அப்படிப்பட்ட நேரத்தில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேரே செல்லும்படி சொல்லியிருக்கிறோம். அதற்காக அவர் வேலை போகாது. உங்கள் சரக்கு தாமதமானாலும் அந்த நேரத்தில் அவர் செய்ய வேண்டியது அதுதான்.

எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை எல்லா வண்டிகளுக்கும் நடப்பில் உள்ளன. நகல் வேண்டுவோருக்குத் தருகிறோம். முன் சக்கரங்களுக்கு ரீட்ரெட் டயர், அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது, போடுவதில்லை.

பருவ காலத்தில் லோடு இருப்பவர்கள் முந்தைய நாள் மதியத்துக்குள் சரக்கின் வகை, உத்தேச எடை, ஏற்றும் நேரம், இறக்கும் இடத்தில் ஆட்கள் எப்போது இருப்பார்கள் என்பவற்றை அலுவலகத்தில் தெரிவித்தால், ஓய்வெடுத்த ஓட்டுநரை ஒதுக்கி வைக்க எங்களுக்கு அவகாசம் கிடைக்கும். இரண்டு ஓட்டுநர் தேவைப்படும் தூரங்களுக்கான வாடகை விவரம் அலுவலகத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ளது. இந்த ஒழுங்குகளுக்கு உட்பட்டு எங்களால் ஏற்க முடியாத லோடாக இருந்தால், அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவோம்; கடைசி நேரத்தில் உங்களைத் தவிக்க விட மாட்டோம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் அலுவலகத்தாரும்
லாரி புக்கிங் அலுவலகம், கிருஷ்ணகிரி